உள்ளே மடங்கிய துணி

அந்தச் சலவைக்கடைக்குப் பின்னால் ஓர் அறை உண்டு. நீராவியும் சோப்பு வாசனையும் எந்நேரமும் மூக்கில் ஏறும். மேலே கம்பிகளில் யார் யாருடைய கோட்டுகளோ, தலையில்லாத ஆட்கள் வரிசையில் நிற்பதுபோலத் தொங்கும். அவற்றுக்கு நடுவே, ஜன்னலோரத்தில், தையல் இயந்திரத்தின் முன்னால் அவள் உட்கார்ந்திருப்பாள்.

புதுத்துணி தைப்பது அவள் வேலையல்ல. மற்றவர்கள் தைத்ததைத் திருத்துவதுதான் வேலை. இளைத்தவர்களுக்குப் பிடித்துத் தருவாள், பருத்தவர்களுக்குப் பிரித்து விடுவாள். என்ன செய்ய வேண்டுமென்று முதலாளியம்மா முன்பக்கம் கேட்டு வாங்கி, ஒரு சீட்டைக் குத்தி உள்ளே அனுப்பிவிடுவார். துணிக்குச் சொந்தக்காரரை அவள் பார்க்கவேண்டியதே இல்லை. அவளுக்கும் அதுதான் சௌகரியம். புது ஆள் எதிரே வந்து நின்றாலே நாக்கு மேலண்ணத்தில் ஒட்டிக்கொள்ளும்.

ஒரு விஷயத்தில் மட்டும் பிடிவாதக்காரி. பிடித்துத் தைக்கும்போது மிஞ்சுகிற துணியை வெட்டவே மாட்டாள். மடித்து, உள்ளேயே வைத்துத் தைத்துவிடுவாள்.

"வெட்டி எறிஞ்சா குடியா முழுகிடும்?" என்று பக்கத்து மேசையில் இஸ்திரி போடும் அக்கா கேட்பாள்.

"உடம்பு என்ன மரக்கட்டையாக்கா? இன்னிக்கு இளைக்கும், நாளைக்குத் தேறும். தேறின அன்னிக்குத் துணிக்கு எங்க போவாங்க?"

"எனக்கு அந்தக் கவலையே இல்லடி. நான் நிறுத்தாம தேறிக்கிட்டே இருக்கேன். என் சட்டையில பிரிச்சு விட இனிமே நூல்தான் பாக்கி."

தெருவில் அவளைத் தையலக்கா என்பார்கள். லாரி ஓட்டும் கணவனுக்கு அவள் 'இந்தா'. மற்றபடி அவளைப் பாசமாகக் கூப்பிட இந்த உலகத்தில் ஒரே ஒரு வாய்தான் இருந்தது. அது கூப்பிட்டது 'அண்ணி' என்று.

அவள் மருமகளாக வந்தபோது அந்த வீட்டில் மாமியார் இல்லை. போய்ச் சேர்ந்து ஒரு வருடம்கூட ஆகவில்லை. அதிகம் பேசாத மாமனார், பாதி நாள் சாலையிலேயே கிடக்கும் கணவன், பால்பல் விழுந்துகொண்டிருந்த ஒரு நாத்தனார், அவ்வளவுதான் வீடு. அவளோ பள்ளிக்கூடத்தைப் பாதியில் விட்டவள், சபையில் வாய் திறந்து பழக்கமில்லாதவள். எல்லாரும் சாப்பிட்டு எழுந்த பிறகு தட்டைப் போட்டுக்கொண்டு உட்காருவாள். யாராவது பார்க்கிறார்களோ, அதிகம் தின்கிறாள் என்று நினைப்பார்களோ என்று சோறு இறங்காது. அந்த நாட்களில் அவள் சாப்பிட்டதைவிட அளைந்ததுதான் அதிகம்.

வீட்டில் அதைக் கவனித்தது அந்தச் சின்னது ஒன்றுதான். ஒரு மத்தியானம் எதிரே வந்து சம்மணம் போட்டு உட்கார்ந்தது. தட்டிலிருந்த வறுத்த உருளைக்கிழங்கில் நன்றாக முறுகிய துண்டாகப் பார்த்து, கேட்காமல் கொள்ளாமல் எடுத்து வாயில் போட்டுக்கொண்டது.

"நீ சாப்பிடலைன்னா நான் எல்லாத்தையும் தின்னுடுவேன்."

"தின்னுக்கோ."

"ஐயே, அப்படிச் சொல்லக்கூடாது. என்கிட்டேருந்து பிடுங்கணும்."

அவள் பிடுங்கினாள். அது திரும்பப் பிடுங்கியது. தட்டு காலியானபோதுதான், அந்த வீட்டில் முதல்முறையாக வயிறு நிறைந்திருப்பது அவளுக்கு உறைத்தது. முன்பல் இல்லாமல் கடைவாயிலேயே கொறித்துக் கொறித்துத் தின்றதால் அதற்கு அணில் என்று பெயர் வைத்தாள். முன்பல் இல்லாத அணிலை அதற்கு முன் யாரும் பார்த்திருக்க மாட்டார்கள்.

அன்றிலிருந்து அவள் தட்டின் ஓரத்தில் ஒரு முறுகல் துண்டு தனியாக ஒதுங்கியிருக்கும். அது அணிலுக்கு. பையை ஒரு மூலையிலும் செருப்பை ஒரு மூலையிலும் எறிந்துவிட்டு ஓடிவந்து, கையைக்கூடக் கழுவாமல் அதை எடுத்துக்கொள்ளும். அவளுக்குப் பிள்ளை பிறக்கவில்லை. கேட்டவர்களுக்கு அவள் பதில் சொன்னதில்லை. ஓரத்துத் துண்டை எடுக்க அந்தக் கை வந்துகொண்டிருந்தவரை அவளுக்கு அது பெரிய குறையாகவும் தெரியவில்லை.

மாமனார் காலமானார். அணில் வளர்ந்தாள். பகலில் ஒரு பெரிய ஓட்டலின் வரவேற்பறையில் நின்றபடியே வேலை, சாயங்காலம் கல்லூரியில் கணக்குப் படிப்பு. கருநீலப் பாவாடையும் கோட்டுமாக அவள் தெருவில் இறங்கிப் போனால், இது நம் வீட்டுப் பெண்ணா என்று அண்ணி வாசல்வரை வந்து எட்டிப் பார்ப்பாள்.

திரும்பி வரும்போது இருட்டியிருக்கும். அண்ணி தட்டைப் போடுவாள்.

"ஓட்டல்லயே சாப்பிட்டேன் அண்ணி."

ஓட்டலில் வேலை செய்கிறவள் சொன்னால் யார்தான் சந்தேகப்படுவார்கள்? அண்ணி தனியே உட்கார்ந்து சாப்பிடுவாள். பழக்கதோஷத்தில் கை ஒரு துண்டை ஓரமாக ஒதுக்கிவிடும். கடைசியில் அதை அவளே எடுத்து மெல்லுவாள். முறுகல் ஆறிப்போனால் தோல்போல இருக்கும்.

பேச்சும் குறைந்துவிட்டது. காலையில் ஓட்டம், வந்ததும் கதவைச் சாத்திக்கொண்டு படிப்பு. ஒரே வீட்டில் இருந்துகொண்டு ஓர் ஆளுக்காக ஏங்க முடியும் என்பதை அவள் அப்போதுதான் தெரிந்துகொண்டாள்.

ஆனால் துணி இருந்தது.

"அண்ணி, பாவாடை தொளதொளன்னு இருக்கு. கொஞ்சம் பிடிச்சுக் குடேன்."

விடுமுறை நாள் காலை. வீட்டிலும் ஒரு பழைய தையல் இயந்திரம் உண்டு. அதன் பக்கத்து முக்காலியின் மேல் அணில் ஏறி நிற்பாள். அண்ணி வாயில் நாலைந்து குண்டூசியைக் கவ்விக்கொண்டு, பாவாடையின் இடுப்பைச் சுற்றி வருவாள். ஊசி இருப்பதால் அவளால் பேச முடியாது. அதனால் அணில் பேசுவாள். வழுக்கையை மறைக்கத் தொப்பியோடு வந்த மேலாளர், அறைச்சாவியைக் குளியல்தொட்டியில் போட்டுவிட்டுக் கண்ணீர் விட்ட கிழவர், ஒரே நேரத்தில் ஒருவருக்கொருவர் தெரியாமல் வந்து தங்கிய புருஷனும் பெண்டாட்டியும்.

"சிரிக்காத அண்ணி, ஊசியை முழுங்கிடப் போற!"

அந்த அரைமணி நேரம்தான் அவளுக்கு விருந்து. பாவாடை முடிந்தால் கோட்டு, கோட்டு முடிந்தால் சட்டை. மெல்ல மெல்ல, அடுத்து எது தளரும் என்று அவள் மனசு எதிர்பார்க்கத் தொடங்கியது.

கையில் எலும்பு தட்டுப்படவில்லையா என்றால், தட்டுப்பட்டது. வயசுப்பெண், நாள் முழுக்க நிற்கிறாள், அப்படித்தான் இருக்கும் என்று சொல்லிக்கொண்டாள். "உங்க நாத்தனாருக்குத் துணியெல்லாம் எப்படி வார்த்து வெச்ச மாதிரி நிக்குது!" என்று தெருவில் யாராவது சொன்னால், வெட்கத்தில் தலையைக் குனிந்துகொண்டு உள்ளூரப் பூரித்துப்போவாள்.

இப்படி இருக்கும்போதுதான் நர்ஸ் சிஸ்டர் ஒருவர் கடைக்கு வந்தார். சுகாதார நிலையத்திலிருந்து கல்லூரிகளுக்கும் வேலையிடங்களுக்கும் போய், சாப்பாட்டில் சிக்கல் இருக்கிறவர்களை முன்கூட்டியே கண்டுபிடிக்கிறார்களாம். ஒவ்வொருவரையும் தனியாக உட்காரவைத்துக் கேள்வி கேட்டார். இஸ்திரி அக்கா சிரித்துக்கொண்டே வெளியே வந்தாள்.

"சாப்பாட்டு நினைப்பு அடிக்கடி வருமான்னு கேக்கறாங்கடி. அது எப்பப் போச்சு, திரும்பி வர்றதுக்கு?" என்றவள், குரலைத் தாழ்த்திக்கொண்டாள். "ஆனா நல்ல பொண்ணு. குண்டு, ஒல்லிங்கற பேச்சே எடுக்கல. யாருக்கும் தெரியாம மூக்கு முட்டத் தின்னுட்டு அழறவங்களும் உண்டாம், தின்னதை வாந்தியா எடுக்கறவங்களும் உண்டாம், பட்டினியாவே கிடக்கறவங்களும் உண்டாம். பாத்தா ஒண்ணுமே தெரியாதாம்."

அடுத்து அவள் போய் உட்கார்ந்தாள். சிஸ்டர் மெதுவாகக் கேட்டார்.

"மத்தவங்க முன்னால சாப்பிடறதைத் தவிர்க்கறீங்களா?"

"இல்லீங்க."

"சாப்பிடாமலே சாப்பிட்டேன்னு சொல்றதுண்டா?"

"இல்லீங்க."

"சாப்பிட்டா ஏதோ தப்புப் பண்ணிட்ட மாதிரி தோணுமா?"

"இல்லீங்க."

"உங்க அளவுத் துணியெல்லாம் இந்த ஒரு வருஷத்துல தளர்ந்து போச்சா?"

வாய் இல்லை என்றது. ஆனால் ஒவ்வொரு கேள்விக்கும் அவள் கண்முன் வந்து நின்றது வேறொரு முகம். கடைசிக் கேள்வியில் முக்காலியின்மேல் நிற்கும் அணிலேதான் தெரிந்தாள். சிஸ்டர் அவள் முகத்தைப் பார்த்தார். "எதாவது சொல்லணுமாம்மா?" நாக்கு வழக்கம்போல ஒட்டிக்கொண்டது. இல்லையென்று தலையை ஆட்டிவிட்டு எழுந்து வந்துவிட்டாள்.

அன்று அணில் வீட்டுக்குள் நுழைந்ததுமே அண்ணி கேட்டாள்.

"சாப்பாட்டைப் பத்திக் கேள்வி கேக்க உங்க ஓட்டலுக்கு யாராவது வந்தாங்களாடி?"

"ஓட்டல்லயும் கேட்டாங்க, காலேஜ்லயும் கேட்டாங்க. ரெண்டு எடத்துலயும் நான் பாஸ்."

"துணி தளர்ந்துச்சான்னு?"

"இல்லேன்னேன். பொய்யா? என் துணி எது தளர்ந்திருக்கு, நீ இருக்கும்போது?" என்று அண்ணியின் கன்னத்தைக் கிள்ளிவிட்டு அறைக்குள் போனாள். கிள்ளிய விரல்கள் ஐஸ்போல இருந்தன.

மறுநாள் அணில் கிளம்பிப் போன பிறகு, அலமாரியிலிருந்து அவளுடைய இன்னொரு பாவாடையை எடுத்து உள்பக்கம் வெளியே வரும்படி புரட்டினாள். வெட்டாமல் விட்ட துணி, மடிப்பின்மேல் மடிப்பாகக் கனத்துக் கிடந்தது. ஒன்றன்பக்கத்தில் ஒன்றாகத் தையல்கள் உள்நோக்கி நகர்ந்துகொண்டே போயிருந்தன. விரலால் தடவினாள். இது மேலாளரின் தொப்பிக் கதை. இது சாவிக் கிழவர். இது அந்தப் புருஷன் பெண்டாட்டி. ஒவ்வொரு வரியையும் அவள் சிரித்துக்கொண்டேதான் தைத்திருந்தாள்.

பிரிக்கும் ஊசியை எடுத்து எல்லாவற்றையும் பிரித்தாள். பெரிதாக யோசித்துச் செய்யவில்லை. பழைய அளவைப் போட்டுப் பார்த்தால் பெண் பயந்துவிடுவாள், புத்தி வந்துவிடும் என்று நினைத்தாள்.

விடுமுறை நாள் காலையில் அணில் அதைப் போட்டுக்கொண்டு கண்ணாடி முன்னால் நின்றாள். பாவாடை இடுப்பில் நிற்காமல் நழுவியது. ஒரு கையால் பிடித்துக்கொண்டாள்.

"அட! அண்ணி, இவ்வளவு பெரிசாவா இருந்தேன் நான்?"

அண்ணி அவள் முகத்தைத்தான் பார்த்துக்கொண்டிருந்தாள். அங்கே பயத்தின் சாயலே இல்லை. பரிசு வாங்கிய குழந்தையின் சந்தோஷம்தான் இருந்தது. இடுப்புக்கும் துணிக்கும் நடுவே இருந்த வெற்றிடத்துக்குள் கையை விட்டு விட்டுப் பார்த்துச் சிரித்தாள். "பழையபடி பிடிச்சு வை, சரியா?" என்று கழற்றிப் போட்டுவிட்டுப் படிக்கப் போய்விட்டாள். பழக்கத்தில் அண்ணி வாயில் கவ்வியிருந்த ஊசிகள் எப்போது கீழே விழுந்தன என்று அவளுக்கே தெரியாது. இது ஊசிநூலால் தீருகிற காரியமில்லை என்று மட்டும் புரிந்தது.

மறுநாள் மத்தியானம் இயந்திரத்தை மூடிவைத்துவிட்டு எழுந்தாள்.

"எங்கடி?" என்றாள் இஸ்திரி அக்கா.

சுகாதார நிலையத்துக்கு என்றும், அணிலைப் பற்றியும் சொன்னாள். அக்கா இஸ்திரிப்பெட்டியை நிமிர்த்தி வைத்தாள். "நீயா? நீ அந்த வாசப்படி ஏறினாலே பேச்சு வராதே. நான் வேணா வந்து பேசவா?"

"வேண்டாங்கா. பிடிச்சது நான். நான்தான் சொல்லணும்."

சுகாதார நிலையத்தில் அவளுக்குப் பேச்சு வர வெகுநேரமாயிற்று. அந்தச் சிஸ்டர் அவசரப்படுத்தவில்லை. துணி தளர்ந்ததையும், அது வெளியே தெரியாதபடி தான் பிடித்துக்கொண்டே வந்ததையும், பிடிக்கும் நாளுக்காகக் காத்திருந்ததையும்கூட சொன்னாள். அந்தக் கடைசி விஷயத்தைச் சொன்னபோது அழுகை வந்துவிட்டது.

"உங்களைத் திட்ட நான் இங்க உக்காரலம்மா," என்றார் சிஸ்டர். "கேள்வி கேட்டா எல்லாரும் உள்ளதைச் சொல்லிடுவாங்கன்னு சொல்ல முடியாது. சில பேருக்குச் சொல்லவே தெரியாது. கூட இருக்கறவங்க வந்து சொல்றது பெரிய உதவி."

"நான் என்ன செய்யணும்?"

"இளைச்சுப் போயிட்டியேன்னு அவங்ககிட்ட சொல்லாதீங்க. அவங்க காதுல அது பாராட்டா விழும். தட்டைப் பாத்துக்கிட்டே உக்காராதீங்க, மிரட்டாதீங்க, கெஞ்சாதீங்க. உங்க மனசுல இருக்கறதைச் சொல்லிக் கூட்டிட்டு வாங்க. ரத்தம், நாடித்துடிப்பு எல்லாம் டாக்டர் பாக்கணும். பேசறதுக்குன்னு ஒருத்தங்க இருக்காங்க. இது பிடிவாதம் இல்லம்மா, நோய். மெதுவாத்தான் போகும். போய்த் தேறினவங்க நிறைய பேர்."

மனசில் இருப்பதைச் சொல்வது! அதைவிட ஒரு கோட்டை முழுசாகப் பிரித்துத் தைப்பது சுலபம். நாலைந்து நாள் வாயைத் திறப்பதும் மூடுவதுமாகப் போயிற்று. அடுத்த விடுமுறையில் அணிலே பாவாடையைத் தூக்கிக்கொண்டு வந்து முக்காலியில் ஏறினாள்.

"இன்னும் பிடிக்கலையா நீ? நாளைக்குப் போட்டுக்கிட்டுப் போகணும்."

அண்ணி வாயில் ஊசியை வைக்கவில்லை.

"பிடிக்க மாட்டேன்டி."

"என்ன திடீர்னு கோவம்?"

"கோவம் இல்ல. எனக்கு நீ வேணும்."

"நான் எங்க போயிட்டேன்? இங்கதானே நிக்கறேன்."

"என் எதிர்ல உக்காந்து எவ்வளவு நாளாச்சு?"

அணிலின் முகம் மாறியது. "ஓ, அதுவா. நீயும் ஆரம்பிச்சிட்டியா? எனக்கு ஒண்ணும் இல்ல. பரீட்சையில பாஸ்னு சொன்னேன்ல?"

"நீ பாஸாகல. உனக்காக நான் பாஸாக்கிக்கிட்டு இருந்தேன். துணி தளரும்போதெல்லாம் பிடிச்சு பிடிச்சு... நீ வந்து நிப்பியேன்னு, பேசுவியேன்னு. எனக்கு அது பிடிச்சிருந்துச்சு, அணிலு. துணி எப்பத் தளரும்னு பாத்துக்கிட்டு இருந்தேன்." மூச்சு வாங்கியது. ஒரே நேரத்தில் அவ்வளவு பேசிப் பழக்கமில்லை. "நாளைக்கு என்கூட வா. அந்தச் சிஸ்டர்கிட்ட."

"வேற கடையில குடுத்துப் பிடிச்சுக்கறேன் போ!"

"குடு. ஆனா வா."

"அண்ணன்கிட்ட சொல்லிட்டியா?"

"இல்ல. நீ சொல்லச் சொன்னாதான் சொல்லுவேன்."

அணில் முக்காலியிலிருந்து குதித்து இறங்கினாள். இறங்கியவள் உடனே நடக்கவில்லை. இயந்திரத்தின் விளிம்பைப் பற்றிக்கொண்டு கண்ணை மூடி நின்றாள். பிறகு அந்த முக்காலியிலேயே உட்கார்ந்தாள்.

"இப்படித்தான் வருது," என்றாள். "கவுன்டர்ல நிக்கும்போது. திடீர்னு எல்லாம் கறுப்பாயிடும். யாருக்கும் தெரியாம பலகையைப் பிடிச்சுக்கிட்டு, சிரிச்சுக்கிட்டே நிப்பேன்." கொஞ்சம் கழித்து, "எனக்குப் பசிக்கும் அண்ணி. பசிக்காதுன்னு நினைக்காத. ஆனா சாப்பிடணும்னு நினைச்சாலே பயம் வந்து உக்காந்துக்குது," என்றாள்.

அண்ணிக்கு வாய்வரைக்கும் எத்தனையோ வந்தது. அத்தனையையும் விழுங்கிவிட்டு அவள் பக்கத்தில் தரையில் உட்கார்ந்துகொண்டாள். மறுநாள் வேலைக்குப் போக வேண்டுமே, பாவாடை நழுவுமே என்று கையாலேயே நீள நீளமாக ஓட்டுத்தையல் போட்டுக் கொடுத்தாள். ஒரு நூலைப் பிடித்து இழுத்தால் மொத்தமும் வந்துவிடும்.

மறுநாள் வேலைக்குப் போகும் வழியில் அணில் அண்ணியோடு சுகாதார நிலையத்துக்கு வந்தாள். சிஸ்டர் அதே கேள்விகளை அதே குரலில் கேட்டார். அணில் இல்லை என்றும், சில சமயம் என்றும், தெரியவில்லை என்றும் சொல்லிக்கொண்டு வந்தாள். துணியைப் பற்றிக் கேட்டபோது மட்டும் திரும்பி அண்ணியைப் பார்த்தாள். அண்ணி ஜன்னலைப் பார்த்துக்கொண்டிருந்தாள்.

"தளர்ந்துச்சு சிஸ்டர்," என்றாள் அணில். "ரொம்பத் தளர்ந்துச்சு. அண்ணிதான் அது வெளியில தெரியாம பாத்துக்கிட்டாங்க."

டாக்டர் பார்த்தார். ரத்தம் எடுத்தார்கள். ஓட்டலுக்குக் கொஞ்ச நாள் லீவு சொல்லச் சொன்னார்கள், வாரந்தோறும் வரச் சொன்னார்கள். அணில் அண்ணனுக்குத் தானே போன் போட்டாள். எங்கேயோ சாலையோரத்தில் லாரியை நிறுத்திவிட்டு அவன் முழுவதையும் கேட்டுக்கொண்டான். கடைசியில், "உங்க அண்ணிகிட்ட குடு," என்றான். "இந்தா, பக்கத்துலயே இரு," என்றான்.

உடனே எல்லாம் சரியாகிவிடவில்லை. கதவு சாத்தும் நாட்கள் இருந்தன. தட்டு வைத்தபடியே இருந்த நாட்களும் இருந்தன. டாக்டர் எழுதிக்கொடுத்த பால்மாதிரிச் சத்துக் கரைசலை ஒரு தம்ளர் குடித்து முடிக்க ஒரு யுகம் ஆகும். அண்ணி பார்க்காததுபோல் இருப்பாள். கண்ணைத் தட்டிலிருந்து எடுத்து வேறெங்காவது வைப்பதற்கே தனியாக ஒரு பலம் வேண்டியிருந்தது.

ஒரு மத்தியானம் அவள் தனியாகச் சாப்பிட உட்கார்ந்திருந்தாள். அணில் தம்ளரைக் கையில் எடுத்துக்கொண்டு அறையிலிருந்து வந்தாள். ஒரு கணம் தயங்கிவிட்டு எதிரே வந்து, சின்ன வயதில்போலச் சம்மணம் போட்டு உட்கார்ந்தாள். ஒரு வாய் குடிப்பதும் ஜன்னலைப் பார்ப்பதுமாக இருந்தாள்.

அண்ணி நிமிரவில்லை. கை அதன் பழக்கத்துக்கு ஒரு முறுகல் துண்டைத் தட்டின் ஓரத்துக்கு ஒதுக்கிவிட்டது. ஒதுக்கிய பிறகுதான் பயமாக இருந்தது. கெஞ்சுவதாக நினைப்பாளோ? திரும்பி எடுத்துக்கொண்டால் கோபித்ததாக நினைப்பாளோ? அப்படியே விட்டாள்.

அணில் அதைப் பார்த்தாள். கை வரவில்லை. தம்ளர் மட்டும் இன்னும் ஒரு வாய் இறங்கியது.

மற்றதையெல்லாம் சாப்பிட்டு முடித்து, தட்டை எடுத்துக்கொண்டு எழ அண்ணி கையை ஊன்றினாள்.

"அதை எடுக்காத," என்றாள் அணில்.

"ஆறிப்போயிடும்டி. தோல் மாதிரி ஆயிடும்."

"ஆகட்டும். அங்கயே இருக்கட்டும். நீயும் எந்திரிக்காத."

கழுவாத கை காய்ந்துகொண்டிருந்தது. கடையில், இயந்திரத்தில், முதலாளியம்மா அனுப்பிய யாருடைய கோட்டோ பாதித் தையலில் காத்துக்கொண்டிருக்கும். அண்ணி தட்டைத் தரையில் வைத்தாள். ஓரத்துத் துண்டு நகராதபடி பார்த்து வைத்தாள். பிறகு அவளும் உட்கார்ந்திருந்தாள்.